டாக்டர் பெயர் சொல்லாத நீர்க்கட்டி

எட்டாவது மாத ஸ்கேனில் டாக்டரம்மாவின் கை ஓரிடத்தில் நின்றுவிட்டது. பதினோரு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை முன்னால் நின்றவள் நான். ஓடிக்கொண்டிருக்கும் கை எதைப் பார்த்தால் நிற்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் மேசைக்கு மேலே இரண்டு டியூப் லைட் தொங்கும். தைத்து வந்த டி-சர்ட்டை விரித்தால் கழுத்து, தோள், கை, பக்கத் தையல் என்று கண் ஒரு ஓட்டம் ஓடும். குறை தெரிந்த இடத்தில் கை தானாக நிற்கும். சிவப்பு அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, அம்பின் முனை குறையைக் காட்டும்படி ஒட்டுவோம். ஒட்டினால் மட்டும் போதாது, அதற்குப் பெயரும் சொல்ல வேண்டும். ஓட்டையா, எண்ணெய்க் கறையா, ஊசிக் கோடா, விட்டுப்போன தையலா? சூப்பர்வைசர் கேட்கும்போது “என்னமோ ஒண்ணு இருக்கு சார்” என்று இழுத்தால் அன்றைக்குப் பூராவும் ஏச்சுதான். நான் ஒரு நாளும் அப்படி இழுத்ததில்லை. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு, என் கணவரைக் கேட்டால் கொஞ்சம் இல்லை என்பார்.

நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். என் கணவர் துணி பின்னும் நிட்டிங் மெஷினில் ஆபரேட்டர். மங்கலம் ரோட்டை ஒட்டி ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். மூத்தவள் ஒன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். இது இரண்டாயிரத்துக்குப் பிறகு, வீட்டுக்கு ஒரு செல்போன் வர ஆரம்பித்திருந்த வருடங்களில் நடந்தது.

ஸ்கேன் அறை சின்னது. சுவரில் சிவப்பு எழுத்தில் பெரிய போர்டு, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வது சட்டப்படி குற்றம் என்று. டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். தோட்டம் தொரவு உள்ள குடும்பத்துப் பெண்மணி என்று பேச்சிலேயே தெரியும். என் வயிற்றில் ஜில்லென்று பசையைத் தடவி, கருவியை வைத்து, திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு பேசிக்கொண்டே பார்த்தார். தலை நல்லா இருக்குதுங்க, நெஞ்சு நல்லா இருக்குதுங்க என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பேச்சை நிறுத்தினார். கையும் நின்றது.

“என்ன டாக்டர்?” என்றேன்.

“செத்த பொறுங்க கண்ணு.” கருவியைச் சாய்த்தார், அழுத்தினார், சுற்றி வந்து மறுபடி அதே இடத்துக்கே போனார். பிறகு என்னைப் பார்த்து, “வயித்துக்குள்ள ஒரு நீர்க்கட்டி தெரியுதுங்க” என்றார்.

“என் வயித்திலயா?”

“உங்களுக்கு இல்லீங்க. கொழந்தையோட வயித்துக்குள்ள.”

திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் என்னென்னவோ அசைந்துகொண்டிருக்க, நடுவில் மைப்பொட்டு வைத்ததுபோல ஒரு கருப்பு வட்டம். சின்ன எலுமிச்சம்பழம் அளவு என்றார். எனக்குப் பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பிரமிப்பு. சேலைக்குள் என் வயிறு, என் வயிற்றுக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் குழந்தை, குழந்தையின் வயிற்றுக்குள் ஒரு குமிழ், அந்தக் குமிழுக்குள் மறுபடியும் தண்ணீர். இத்தனை மறைப்புக்கும் அந்தப் பக்கம் இருப்பதை இந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்துவிட்டார். டியூப் லைட்டுக்குக் கீழே ஒற்றைத் துணியில் ஓட்டை கண்டுபிடித்துவிட்டு ராணி மாதிரி நடந்தவள் நான். அந்த நிமிடம் எனக்கு வாய் அடைத்துப்போனது.

வாய் திறந்ததும் நான் கேட்டது, “இது என்ன கட்டி? எதுல இருக்கு?” என்றுதான்.

“கிட்னி இல்லீங்க. மூத்திரப்பையும் இல்லீங்க, அது தனியாத் தெரியுது. குடலும் இல்லைன்னுதான் நெனைக்கறேன்.”

“அப்ப எது?”

“பொறந்தப்புறம் பாத்துச் சொல்றேனுங்க. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, வளருதா, அப்படியே இருக்குதான்னு பாக்கோணும்.”

“அதுவரைக்கும் என்ன மருந்து?”

“மருந்து ஒண்ணும் இல்லீங்க. பாத்துக்கிட்டே இருக்கறதுதான் மருந்து.”

குறையைக் கண்டுபிடித்துவிட்டு, பெயரும் சொல்லாமல், சரியும் செய்யாமல், இரண்டு வாரம் சும்மா இரு என்று சொன்னால் எப்படி? எங்கள் மேசையில் இப்படி நடந்தால் ஷிப்மென்ட் போய்ச் சேருமா? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் புலம்பினேன். என் கணவர் பஸ் கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் சொன்னார். “ஓடுத மெஷின்ல யாராவது கையை விடுவாகளாட்டி? ஓடட்டும், பாத்துக்கிட்டு நிப்போம்.”

எனக்குச் சும்மா நிற்கத் தெரியாது. மறுநாள் காலையில் குளித்து முடித்ததும், கம்பெனியிலிருந்து முந்தானையில் சுருட்டிக்கொண்டு வந்திருந்த ஸ்டிக்கரில் ஒன்றை உரித்தேன். டாக்டரம்மாவின் கை நின்ற இடத்தை நினைவு வைத்து, தொப்புளுக்கு வலப்பக்கம், நாலு விரற்கடை கீழே, அம்பின் முனை சரியாகக் கட்டியைக் காட்டும்படி என் வயிற்றின் மேல் ஒட்டிக்கொண்டேன். இன்று சொன்னால் சிரிப்பாக இருக்கிறது. அன்று அது எனக்குப் பெரிய ஆறுதல். குறை தொலைந்து போய்விடாது, இடம் குறித்தாயிற்று. தினமும் குளித்ததும் பழையது கிழியும், புதிதாக ஒன்று ஒட்டுவேன். நடக்கும்போதும் நிற்கும்போதும் சேலைக்கு மேலேயே அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். இந்த இடத்தை இடித்துவிடாதே என்று மூத்தவளுக்கும் சொல்லி வைத்திருந்தேன், அவளும் என் இடப்பக்கமாகவே படுத்துக்கொள்வாள்.

இரண்டு வாரம் கழித்து ஸ்கேனுக்கு என் கணவரின் அக்கா துணைக்கு வந்தார். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். மங்கலத்தில் தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்தில் பேசிப் பேசி அவருக்கு மெல்லப் பேசவே வராது. ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே வேறொரு பெண் இருந்தாள்.

“இந்தம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேங்காளே. எனக்குத் தெரிஞ்ச எடம் ஒண்ணு இருக்கு. அங்க போனா கட்டி என்ன, புள்ள என்ன, எல்லாத்தையும் பட்டுன்னு சொல்லிருவாக” என்றார் மதினி.

“புள்ள எதுவா இருந்தா என்ன மதினி, கட்டியைச் சொன்னாப் போதும்.”

“என்ன இப்படிப் பேசுத? பயலா இருந்தா எங்க வேணும்னாலும் தூக்கிட்டு ஓடுவோம். பொட்டையா இருந்து, அதுக்குப் பொறக்கும்போதே சீக்குன்னா, ஆபரேசன் அது இதுன்னு எதுக்கு அலையணும்? ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. விட்டுர வேண்டியதுதான்.”

அவர் கொடுமைக்காரி இல்லை. எனக்குப் பேறுகாலம் பார்த்தவர், மூத்தவளுக்கு மொட்டையடிக்கும்போது மடியில் வைத்துக்கொண்டு அழுதவர். அன்றைக்கு அதைக் கத்தரிக்காய் சொத்தை என்று சொல்வதுபோலச் சொன்னார்.  நான் பதில் சொல்வதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா சேலையை விலக்கியவர் அப்படியே நின்றார். “ஏனுங்க கண்ணு, இதென்ன அம்புக்குறி?”

“கட்டி இருக்க எடம் டாக்டர். மறந்துரக் கூடாதுன்னு குறிச்சு வச்சிருக்கேன்.”

அவர் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், தோள் மட்டும் குலுங்கியது. பிறகு ஸ்டிக்கரை மெல்ல உரித்துத் தன் மேசை ஓரத்தில் ஒட்டிவிட்டு, கருவியை அந்த இடத்திலேயே வைத்தார். அங்கே ஒன்றும் இல்லை. சாம்பல் நிறம் மட்டும்தான். போய்விட்டதா என்று நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவர் என் தோளை அழுத்திப் படுக்க வைத்து, கருவியை நகர்த்திக்கொண்டே போனார். இடப்பக்கம், நான் குறித்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, கருப்பு வட்டம் உட்கார்ந்திருந்தது.

“துணின்னா போட்ட எடத்துல கெடக்குமுங்க. இது உசுரல்லோ? கொழந்தை திரும்பியிருக்குது. அதுக்குள்ள கட்டியும் எடம் மாறியிருக்குது. காம்புல தொங்கற மாதிரி அங்கியும் இங்கியும் போகுமுங்க.”

இரண்டு வாரமாக நான் பொத்திப் பொத்திக் காப்பாற்றியது வெறும் இடத்தை. மூத்தவள் படுத்துக்கொண்ட பக்கம்தான் கட்டி இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அதே நேரம் உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் மேசையில் நின்று நூல் வெட்டிக்கொண்டிருந்தபோதெல்லாம் உள்ளே ஓர் உயிர் புரண்டு படுத்திருக்கிறது, அதன் வயிற்றுக்குள் ஒரு குமிழ் தன்பாட்டுக்கு ஊஞ்சலாடியிருக்கிறது.

“காம்புன்னா முறுக்கிக்கிடாதா டாக்டர்?”

அவர் என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். “முறுக்கலாமுங்க. முறுக்குச்சுன்னா ரத்தம் போகாது. அதுக்குத்தான் திரும்பத் திரும்ப வரச் சொல்றேன். இந்தக் கருப்பு பாருங்க, ஒரு பொட்டு அழுக்கு இல்லாமத் தெளிவா இருக்குதல்லோ? முறுக்கிக்கிச்சுன்னா உள்ள இருக்கற தண்ணி கலங்கிப் போயிரும். இன்னிக்கு வரைக்கும் கலங்குலீங்க.”

“ஊசி போட்டு உறிஞ்சி எடுத்துருங்க.”

“ரொம்பப் பெருசானா சில எடத்துல செய்யறாங்க. உங்க வயித்தையும் தாண்டி, கொழந்தை வயித்தையும் தாண்டி ஊசி போகோணும். இந்த அளவுக்கு வேண்டாமுங்க. முக்காவாசி தானா வத்திரும்.”

“அப்ப பேரையாவது சொல்லுங்க. எதுல இருக்க கட்டி இது?”

“பொறந்தப்புறம் சொல்றேனுங்க.”

வெளியே மதினி பேசியது, ஸ்டிக்கரால் பட்ட அவமானம், பயம் எல்லாம் சேர்ந்து எனக்குப் பொங்கிவிட்டது. “எங்க கம்பெனில குறைக்குப் பேர் சொல்லத் தெரியலன்னா மேசையை விட்டு இறக்கிருவாக. உங்களுக்கு வேலை தெரியலன்னா தெரியலன்னு சொல்லிருங்க, நாங்க வேற எடம் பாத்துக்கிடுதோம்” என்றேன். சத்தமாகவே சொன்னேன். கதவருகில் நின்ற நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டரம்மா ஒரு துணியால் என் வயிற்றில் இருந்த பசையைத் துடைத்தார். “தெரியலைன்னே வச்சுக்குங்க. ஆனா ரெண்டு வாரத்துல கண்டிப்பா வரோணும். வருவீங்களா?” என்றார். குரலில் ஒரு துளி கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

மதினி சொன்ன இடத்துக்குப் போவது என்று முடிவு செய்தேன். எனக்கு வேண்டியது கட்டியின் பெயர் மட்டும்தான், மற்றதை நான் காதில் வாங்க மாட்டேன் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை போவதாகப் பேச்சு.

சனிக்கிழமை மேசையில் நின்றிருந்தேன். குழந்தைகள் போடும் சின்ன டி-சர்ட், வெளிர் மஞ்சள். தோளில் ஒரு ஓட்டை. ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் பெயரைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற பெண் அதை வாங்கி, ரிஜெக்ட் கூடையில் போட்டாள். நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. அவள் துணியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டியதும் இல்லை. எங்கள் வேலையே அப்படித்தான், கறை என்றால் கழுவுகிற கூடை, தையல் விட்டிருந்தால் ஆல்டர் கூடை, தோளில் ஓட்டை என்றால் ரிஜெக்ட். பெயரைச் சொன்னதும் கூடை முடிவாகிவிடும்.

பதினோரு வருடமாக ஆயிரக்கணக்கில் செய்த வேலை, அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில் யாரோ ஒருவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்வார். மதினி காதிலும் விழும். பையன் என்றால் ஒரு கூடை, பெண் என்றால் இன்னொரு கூடை.  அந்த மஞ்சள் டி-சர்ட்டைக் கூடையிலிருந்து திரும்ப எடுத்து, ஓட்டையை ஊசியால் பின்னி மூடும் மென்டிங் அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். “உனக்கென்னம்மா ஆச்சு?” என்று அவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

மறுநாள் மதினி வந்தபோது, காய்ச்சல் என்று சொல்லிப் போர்த்திப் படுத்துக்கொண்டேன். என் கணவர் விஷயம் தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல் அக்காவுக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

மூன்றாவது ஸ்கேனுக்கு டாக்டரம்மா முன்னால் போய் நிற்கத்தான் கூச்சமாக இருந்தது. அவர் பழைய பேச்சை எடுக்கவே இல்லை. கட்டி கொஞ்சம் வளர்ந்திருந்தது.  அவர் அதை அளந்தார், மறுபடி அளந்தார், அதற்குள் எங்கேயாவது வெள்ளைப் பொட்டு தெரிகிறதா என்று நெடுநேரம் தேடினார். திரையை இந்த முறை முழுதாக அவர் பக்கமே வைத்துக்கொண்டார். நான் திரையைப் பார்க்க முடியாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அப்படி ஒரு கவனத்தை நான் எந்தச் செக்கிங் மேசையிலும் பார்த்ததில்லை. கண் இமைக்காமல், மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, யாரோ ஒரு பனியன் கம்பெனிக்காரியின் பிறக்காத பிள்ளைக்காக அந்த அம்மா அப்படிப் பார்த்தார்.

“தண்ணி தெளிவுங்க” என்றார் கடைசியில். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோயமுத்தூரில் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டர் ஒருவருக்கு அன்றே கடிதம் எழுதிக் கையில் கொடுத்தார். தேவைப்படாது, இருந்தாலும் கையில் இருக்கட்டும் என்றார்.

திருப்பூரிலேயே சுகப்பிரசவம். பெண். மதினிதான் குழந்தையை முதலில் வாங்கியவர். முகம் சுளிப்பார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே இல்லை. திறந்து பார்த்தால் அவர் குழந்தையின் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கட்டி இருக்கு கட்டி? வலிக்குமோ பிள்ளைக்கு?” என்றார். அந்தக் குரல் அவருடையதுதானா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது, அவ்வளவு மெல்லப் பேசினார்.

மூன்றாம் நாள் அதே அறை, மதினியும் கூட இருந்தார். இந்தமுறை குழந்தையின் வயிற்றிலேயே பசை. கருவி அவளுடைய பாதி வயிற்றை மறைத்தது. திரையை டாக்டரம்மா முழுதாக எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

“இப்பச் சொல்லலாமுங்க. இது சினைப்பையில இருக்கற நீர்க்கட்டி.”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. சினைப்பை. அப்படியானால் முதல் நாளே, கை நின்ற அந்த நொடியிலேயே, அவருக்குத் தெரியும். கட்டியின் பெயரைச் சொன்னால் பிள்ளை பெண் என்று சொன்னதாகிவிடும். நான் ஏசியபோதும் தெரிந்துகொண்டேதான் தெரியலைன்னு வச்சுக்குங்க என்றார்.

“பயப்படாதீங்க. உங்க உடம்புல ஊறுன சுரப்பு கொடி வழியாப் போயி, இவளோட சினைப்பையத் தூண்டி உட்டிருக்குது. அதுல ஊறுன தண்ணிதான். கொடிய வெட்டியாச்சல்லோ, இனி தூண்டறதுக்கு ஆளில்லை. தானா வத்திரும். அதுவரைக்கும் மாசம் ஒருக்கா காட்டுங்க. நிக்காம வாந்தி எடுத்தாலோ, வீறிட்டு அழுதாலோ அன்னிக்கே தூக்கிட்டு வந்துரோணும்.”

கைப்பிடி அளவு பிள்ளைக்குள் சினைப்பை இருக்கிறது, அது நான் சாப்பிட்டு நான் தூங்கி என் உடம்பு சுரந்ததைக் கேட்டு வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது. பிறக்காத பிள்ளையின் உடம்போடு என் உடம்பு எனக்கே தெரியாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதை விரிந்த கண்ணோடு கேட்டுக்கொண்டிருக்க, மதினி குறுக்கே புகுந்தார். “தானா வத்தலைன்னா கோயமுத்தூர் என்ன, எங்க வேணும்னாலும் தூக்கிட்டுப் போறோம் டாக்டர். அதை மட்டும் யோசிக்காதீங்க.”

“தேவைப்படாதுங்க” என்றார் டாக்டரம்மா.

மாதாமாதம் போனோம். எலுமிச்சம்பழம் நெல்லிக்காய் ஆனது, நெல்லிக்காய் சுண்டைக்காய் ஆனது. ஐந்தாம் மாதம் திரையில் எங்கே தேடியும் கருப்பு வட்டம் இல்லை. சினைப்பை மட்டும் சின்னதாக, அதன் இடத்தில் இருந்தது. மதினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, எல்லோருக்கும் போன் பண்ணிச் சொல்ல வெளியே ஓடினார்.

நான் பின்தங்கி நின்றேன். டாக்டரம்மாவின் மேசை ஓரத்தில் என் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருந்தது, ஒரு முனை சுருண்டு. மன்னிப்புக் கேட்க நினைத்து வந்திருந்தேன். “அன்னைக்கு உங்களுக்கு வேலை தெரியலன்னு சொல்லிட்டேன்” என்றேன்.

“சொன்னீங்க” என்று அவர் அடுத்தவருடைய சீட்டை எடுத்தார்.

“பேரைச் சொல்லியிருந்தா...” என்று ஆரம்பித்தேன். வெளியே மதினி போனில் பேசும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வார்த்தையும் பக்கத்தில் நின்று பேசுவதுபோல உள்ளே கேட்டது. என் மருமகளுக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் சரியாப் போச்சு, ராசாத்தி மாதிரி இருக்கா. நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன், பிறகு டாக்டரம்மாவைப் பார்த்தேன்.

அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். “அந்தக் கதவு வெறும் பிளைவுட்டுங்க கண்ணு. பெஞ்சுல பேசறதெல்லாம் எனக்குக் கேக்கும்.”